என் இடப்பக்கம் உட்கார்ந்தவளுக்கு

இன்று காலை அலமாரியைத் திறந்ததும் வறுத்த பார்லியின் வாசம் முகத்தில் அடித்தது. டோக்கியோவிலிருந்து கிளம்பும்போது மகள் என் பெட்டியில் திணித்து அனுப்பிய பொட்டலம். அங்கே அதைத் தண்ணீரில் ஊறவைத்து, சர்க்கரை இல்லாமல், நாள் முழுவதும் குடிக்கிறார்கள். என்னால் அதை ஒரு நாளும் வெறும் பானமாகக் குடிக்க முடிந்ததில்லை. கால் வீங்கிக் கட்டிலில் கிடந்த உன் கடைசி வருஷத்தில் உன் மகள் பார்லி வறுத்துக் கஞ்சித் தண்ணீர் வைப்பாளே, அந்த அடுப்படிதான் கண்ணுக்குத் தெரிந்தது. "இந்தக் கழனித் தண்ணியக் குடிக்கிறதுக்கு நான் மவுத்தாகியே போயிரலாம்டி" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிடுவாய்.

உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதில் எனக்கு உன்மேல் கோபமும் இருக்கிறது. முறையாக ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

நீ போன பிறகு என் வீட்டில் காரியங்கள் ஒவ்வொன்றாகக் கெட்டன. சிலிண்டர்காரன் வந்து மணி அடித்துப் பார்த்து, ஆள் இல்லை என்று திரும்பிப் போனான். நான் முன்னறையில்தான் உட்கார்ந்திருந்தேன். அடுத்த அறையில் இருக்கும்போதே குக்கரில் தண்ணீர் வற்றிப் பருப்பு கரியாகியது. மோட்டாரை நிறுத்தாமல் விட்டு, மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் தெருவில் ஓடியது. சிலிண்டர்காரன் மணியைச் சரியாக அழுத்தவில்லை என்றேன். குக்கரில் விசில் பழுது என்றேன். துக்கத்தில் கவனம் சிதறுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கணவர் போனபோது இப்படியெல்லாம் ஆகவில்லையே என்று யோசிக்கத் தோன்றவில்லை.

வில்லாபுரத்துச் செய்தி டோக்கியோவுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? மகள் வீடியோவில் வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசினாள். "எதுத்த வீட்டு அத்தை இருந்த வரைக்கும் எனக்கு நிம்மதியா இருந்துச்சும்மா. இனிமே உங்களத் தனியா விட முடியாது. வீட்டப் பூட்டிட்டு இங்க வந்துருங்க" என்றாள். நான் மறுத்தேன். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். மூன்று மாதம் அவளோடு இருக்க வேண்டும். அதற்குள் நான் யார் தயவும் இல்லாமல் வாழக்கூடியவள் என்று அவளுக்குத் தெரிந்தால், என் வீட்டுக்குத் திரும்பலாம். இல்லையென்றால் வீட்டை வாடகைக்கு விட வேண்டும். என் வீட்டில் நான் தனியாக வாழலாமா கூடாதா என்ற வழக்கை வாதாடத்தான் விமானம் ஏறினேன் என்று வைத்துக்கொள்.

அவர்கள் இருப்பது அந்தப் பெரிய நகரத்தின் மேற்குப் பக்கம். ரயில் நிலையத்திலிருந்து கடைகள் முடிந்து, ஒரு வளைவு திரும்பியதும் ஊரே வாயை மூடிக்கொண்டது போல ஆகிவிடும். ஒரு கார் மட்டும் போகக்கூடிய சந்துகள். இரண்டு மாடி வீடுகள். ஒரு செங்கல் அகலத்துக்கு இடம் இருந்தாலும் அதில் ஒரு தொட்டியை வைத்து ஏதாவது பூக்க வைத்திருக்கிறார்கள். வேலிச் செடிகளை அளவுகோல் வைத்து வெட்டியது போல வெட்டியிருக்கிறார்கள். தெருமுனையில் வண்டி வருவது தெரிய வளைந்த கண்ணாடி. காலையில் பால்கனிகளில் மெத்தைகளை வெயிலில் போடுகிறார்கள். குப்பைப் பைகளைக் காக்கை கொத்தாமல் இருக்க வலை போட்டு மூடுகிறார்கள். அந்த வலையைக்கூடப் பிறகு மடித்து வைக்கிறார்கள். நான் தெருவைக் கடக்க நின்றால் கார் நிற்கும். ஓட்டுபவர் தலையைக் குனிந்து வணக்கம் சொல்வார். நானும் சொல்வேன். யாரும் ஹார்ன் அடித்ததை நான் கேட்கவில்லை.

நம் கான்வென்ட் சிஸ்டர்களிடம் ஓர் ஊரைக் கட்டச் சொல்லியிருந்தால் இப்படித்தான் கட்டியிருப்பார்கள். எனக்கு அப்படிப் பிடித்துப் போயிற்று. வாசலில் செருப்பைக் கழற்றித் திருப்பி வைக்கும் பழக்கத்துக்காக நம் தெருவில் என்னைக் கிறுக்கச்சி என்றார்களே, அங்கே அதைச் செய்யாதவர்தான் கிறுக்கர்.

தினமும் காலை பால்கனிக்குப் போய் உன் மகளுக்குப் போன் போடுவேன். என் வீட்டுச் சாவியும் ரோஜாச் செடிகளும் அவள் பொறுப்பில் இருந்தன. செடிகளைப் பற்றி விசாரித்த பிறகு அந்த ஊரைப் புகழ்வேன். "இங்க ஒரு குழாய் ஸ்பீக்கர் கிடையாதும்மா. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், ஒண்ணும் கிடையாது. மனுஷன் நிம்மதியா மூச்சு விடலாம்" என்பேன். "நீங்க அங்கயே இருந்துருவீங்க போலயே பெரியம்மா" என்பாள் உன் மகள். உடனே பேச்சை மறுபடி ரோஜாச் செடிக்குத் திருப்பிவிடுவேன்.

அந்த அமைதியில் உன்னை நிறைய நினைத்தேன். முக்கியமாக, நீ அங்கே வந்திருந்தால் முதல் நாளே போலீஸ் வந்திருக்கும் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் நீ அப்படிக் கத்துகிறவள் இல்லை. ஒரே பெஞ்சில் இருந்தோமே, பாடத்துக்கு நடுவில் நீ என் காதில் கிசுகிசுத்துச் சிரிக்க வைத்து, தண்டனை மட்டும் எனக்கு வாங்கிக் கொடுப்பாய். பிறகு நாம் எதிரெதிர் வீட்டுக்காரிகளாக ஆகி, நம் பிள்ளைகள் வளர்ந்து போன பிறகுதான் உன் தொண்டை பெரிதாயிற்று. கல்யாண வீட்டில் யாராவது வந்து என்னிடம் இரண்டு வார்த்தை சொன்னால், அவர்கள் முகத்துக்கு முன்னாலேயே அதை நீ திருப்பிச் சொல்வாய். "பொண்ணு நர்ஸாம்டி! மாப்ள வீடு உசிலம்பட்டியாம்!" எனக்கு மானம் போகும். வங்கியில் கவுண்டரில் இருப்பவர் பேசினால் நீ அதையும் மறுபடி சொல்வாய். மருத்துவர் என்னிடம் மாத்திரையைப் பற்றிச் சொல்லும்போது, "ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறமாம்டி, வெறும் வயித்துல இல்லையாம்" என்று அவர் குரலுக்கு மேலே உன் குரல் எழும். "நீ என்ன என் மொழிபெயர்ப்பாளரா? கொஞ்சம் மெதுவாப் பேசக்கூடாதா?" என்று ஒரு முறை ஆட்டோவிலேயே கேட்டுவிட்டேன். நீ ஆட்டோக்காரரைப் பார்த்து, "அண்ணே, இந்த மகாராணிக்கு என் சத்தம் ஆகாதாம். உங்க வண்டிச் சத்தத்தயும் கொஞ்சம் கொறைங்க" என்று இன்னும் உரக்கச் சொன்னாய்.

அங்கே போய் ஒரு மாதம் ஆகியிருக்கும். மகள் தபால் பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். அந்தக் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் போட்டிருந்தார்கள். யார் பெயரும் இல்லை. என்னவென்று கேட்டேன். பால்கனியில் பேசும்போது அக்கம்பக்கத்தாரையும் நினைத்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறார்களாம்.

"ரொம்பச் சரி," என்றேன். "எவ்வளவு மரியாதையா எழுதியிருக்காங்க பாரு. பேரைப் போட்டு அசிங்கப்படுத்தலை. இதை அப்படியே தமிழ்ல எழுதி நம்ம தெருவுல ஒட்டணும். ஆமா, யாரு அந்த நாகரிகம் தெரியாத ஆளு? மேல் வீடா?"

மகள் தாளை மடித்தாள். திரும்ப விரித்தாள்.

"அம்மா, இந்த பில்டிங்ல பால்கனியில நின்னு பேசுறது நீங்க மட்டும்தாம்மா."

"நானா? நான் மெதுவாத்தானே பேசுறேன்."

"ரயில்வே கேட் வரைக்கும் கேக்குதும்மா. ரோஜாச் செடிக்கு எம்புட்டுத் தண்ணி ஊத்தணும்னு இந்த ஏரியாவுக்கே தெரியும்."

எனக்கு முகம் சுட்டது. "தூரத்து ஊருக்குப் பேசுனா கொஞ்சம் சத்தமாத்தான் பேசுவாங்க. மதுரையில எல்லாரும் அப்படித்தான்" என்றேன். அது உண்மையும்கூட. என் மாமனார் துபாய்க்குப் பேச வேண்டுமென்றால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து நிற்பார். ஆனால் மகள் விடவில்லை. "வீட்டுக்குள்ளயும் அப்படித்தாம்மா பேசுறீங்க. உங்க சத்தம் உங்களுக்கே கேக்கலை. காதை ஒரு தடவை டாக்டர்கிட்டக் காட்டலாம்" என்றாள். அப்படியானால் வழக்கில் நான் தோற்றேன் என்று அர்த்தம். "என் காதுக்கு ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. போனையும் தொடவில்லை.

பேச ஆள் இல்லாததால் மாலையில் பேத்தியை அழைத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். ஆறு வயது அவளுக்கு. அந்தப் பூங்காவில் ஒரு பழக்கத்தை நான் ஏற்கெனவே கவனித்து மெச்சியிருந்தேன். சாயங்காலம் ஒரு நேரம் வந்ததும், யாரும் கூப்பிடாமலே எல்லாப் பிள்ளைகளும் விளையாட்டை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். என்ன ஒழுங்கு! உன் மகளிடம்கூடச் சொல்லியிருக்கிறேன், இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வயிற்றுக்குள்ளேயே கடிகாரம் இருக்கிறது என்று.

அன்றும் பேத்தி ஊஞ்சலிலிருந்து குதித்து வந்து என் கையைப் பிடித்தாள்.

"வாங்க அம்மாச்சி, போகலாம்."

"உனக்கு எப்படிடா தங்கம் நேரம் தெரியுது?"

அவள் என்னை வேடிக்கையாகப் பார்த்தாள். "பாட்டு வந்துருச்சுல்ல."

"எந்தப் பாட்டு?"

அவள் விரலை நீட்டினாள். பூங்காவின் மூலையில் ஓர் உயரமான கம்பம். அதன் உச்சியில், நான்கு திசையையும் பார்த்து, நம் ஊர்த் திருவிழாவில் கட்டுகிற அதே குழாய் ஸ்பீக்கர்கள். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப நகராட்சி தினமும் ஒரு மெட்டைப் போடுகிறதாம். நான் வந்த நாளிலிருந்து தினமும். நான் ஸ்பீக்கரே இல்லாத ஊர் என்று மதுரை வரைக்கும் பறைசாற்றிக்கொண்டிருந்த ஊரில்.

அவளிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் அவளை மகளோடு விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். அந்தக் கம்பத்தின் அடியிலேயே போய் நின்றுகொண்டேன். குளிருக்குச் சேலைமேல் ஸ்வெட்டர், காலில் சாக்ஸ். நேரம் வந்தது. பிள்ளைகள் கிளம்ப ஆரம்பித்தார்கள். எனக்கு ஏதோ ஒன்று, மூன்று தெரு தள்ளிப் பாடுவது போல, வந்ததா வரவில்லையா என்று சொல்ல முடியாத மாதிரி வந்தது. தலையைத் திருப்பிப் பார்த்தேன். வலது காதைக் கம்பத்துக்குக் காட்டினால் ஒன்றுமே இல்லை. இடது காதைக் காட்டினால் மெட்டு இருந்தது. மறுபடி வலது. மறுபடி இடது. பார்க்கிறவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று தெரியவில்லை. நாயோடு வந்த ஒரு பெரியவர் நின்று, தலை குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

இடது காது.

அப்போதுதான் நீ வந்தாய். பள்ளிப் பெஞ்சில் எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்தவள், கடைசிப் பல வருஷங்களாக என் இடப்பக்கம் மட்டுமே உட்கார்ந்தாய். என் வீட்டு நாற்காலியைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டுக்கொண்டு, "இங்கனதாண்டி ஃபேன் காத்து வருது" என்பாய். ஃபேன் நிற்கிற மார்கழியிலும் அதே பக்கம்தான். தெருவில் நடக்கும்போது, பேசிக்கொண்டே என்னைச் சுற்றி வந்து இடப்பக்கம் சேர்ந்துகொள்வாய். கல்யாண வீடு, வங்கி, மருத்துவர் அறை, எல்லாம் வரிசையாக அந்தக் கம்பத்தடியில் வந்து நின்றன. சிலிண்டர்காரன் மணி அடித்தால், "ஏண்டி, வெளிய ஆள் நிக்கிறான், என்ன பண்ற?" என்று உன் வீட்டு ஜன்னலிலிருந்து கத்துவாயே. உனக்கு ஊர் வம்பு அதிகம் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து, பால்கனிக்குப் போகாமல் படுக்கை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உன் மகளைக் கூப்பிட்டேன். போனை இடது காதில் வைத்துக்கொண்டேன். எப்போதும் அங்கேதான் வைக்கிறேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?" என்றேன்.

என்ன என்று அவள் கேட்கவில்லை. முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள்.

"எங்களுக்கெல்லாம் அம்மா சட்டமே போட்டிருந்துச்சு பெரியம்மா. அவகிட்டப் போயி காது கேக்கலையான்னு எவளாச்சும் கேட்டீங்க, தோலை உரிச்சிருவேன். சத்தமாப் பேசுங்க, அம்புட்டுத்தான்னு சொல்லும். உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனா எங்களுக்குத் தொண்டை கட்டிக்கிரும். எங்க அத்தாவே ஒரு தடவ அம்மாகிட்டக் கேட்டாக, ஏன் நீ இப்படி ஊரக் கூட்டுறன்னு. அதுக்கு அம்மா, அவளுக்கு ரோஷம் சாஸ்தி, நான் வாயாடின்னு பேர் வாங்கிக்கிறேன், அவ செவிடின்னு பேர் வாங்க வேணாம்னுச்சு."

கோபம் என்று மேலே எழுதினேனே, அது இதுதான். என்னைக் கேட்காமல் என் காதாக இருக்க உனக்கு யார் அனுமதி கொடுத்தது? நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் உன்னோடு ஒரு மாதம் பேசியிருக்க மாட்டேன். அது உனக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு போய்க் காட்டியிருப்பேன். காட்டியிருந்தால், மருத்துவமனையில் அந்தக் கடைசி மாலையில் உன் குரல் இறங்கிப்போய் நீ ஏதோ சொன்னாயே, அது எனக்குக் கேட்டிருக்கும். நான் கட்டிலின் தவறான பக்கத்தில் நின்றிருந்தேன். நீ சுற்றி வர முடியாத நிலையில் இருந்தாய். நான் கேட்ட மாதிரி தலையாட்டினேன். நீ புன்னகைத்தாய். அது என்ன என்று உன் மகளிடம் கேட்டேன். அவள் அப்போது மருந்து வாங்கக் கீழே போயிருந்தாளாம். எனக்கு அது இனித் தெரியப் போவதில்லை.

மறுநாள் காலை மகளிடம் நானே ஆரம்பித்தேன்.

"எனக்குக் காது சரியாக் கேக்கலை. ஊருக்குப் போனதும் டாக்டரைப் பாத்து, கருவி எது சொல்றாரோ அதை மாட்டிக்கிறேன்."

அவள் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். "ஊருக்குப் போனதுமா?"

"ஆமா. இத்தனை நாளா கேக்கலைங்கறது தெரியாம தனியா இருந்தேன். அது ஆபத்து. இனிமே தெரிஞ்சுக்கிட்டு இருப்பேன். வாசல் மணிக்கு லைட் எரியற மாதிரி வெச்சுக்கிறேன். குக்கரை மாத்திக்கிறேன். எல்லாம் பண்ணியும் முடியலைன்னா, நானே சொல்றேன், வந்து கூட்டிக்கோ."

"நீங்களே சொல்வீங்களா?" என்று கேட்டாள். எழுபது தாண்டிய என்னை அவள் அப்படி நம்பாமல் பார்த்தது நியாயம்தான்.

"இப்ப சொல்லலையா?" என்றேன்.

அவள் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு என் வலப்பக்கத்திலிருந்து எழுந்து வந்து இடப்பக்கம் உட்கார்ந்து, "ஒரு வருஷம் பாப்போம்மா" என்றாள்.

இப்போது இடது காதில் கருவி. வலதுக்கு இனிப் பயனில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வில்லாபுரம் முழுவதும் ஒரே நாளில் என் தலைக்குள் வந்து இறங்கியது. பக்கத்து விமான நிலையத்தில் இறங்குகிற விமானம் மட்டும்தான் முன்பு எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது தண்ணீர் லாரி, கோலமாவு விற்பவர், எதிர்வீட்டு மிக்சி, என் வீட்டிலேயே கதவின் கீல். இவ்வளவு சத்தத்தில் நீங்கள் எல்லாரும் எப்படிக் குடும்பம் நடத்தினீர்கள்? கருவியை மாட்டிக்கொண்டு எல்லாருடைய குரலையும் புதிதாகக் கேட்டேன். உன் மகளுக்கு இவ்வளவு மென்மையான குரலா? என் பேத்திக்கு 'ர' இன்னும் சரியாக வரவில்லை என்பதே இப்போதுதான் தெரிகிறது. உன் குரலை மட்டும் இதன் வழியாக நான் கேட்டதில்லை. எனக்காக ஏற்றி வைத்த குரல்தான் என்னிடம் இருக்கிறது. நீ மச்சான் என்று கூப்பிடும் உன் கணவரிடமும் பிள்ளைகளிடமும் நீ பேசிய சாதாரணக் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பள்ளிப் பெஞ்சுக்குப் பிறகு அது எனக்குக் கிடைக்கவில்லை.

உன் வீட்டு மாடிக்கு ஓர் அம்மாள் குடிவந்திருக்கிறாள். சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். கணவர் போன பிறகு மகனோடு இங்கே. என்னைவிடக் கொஞ்சம் இளையவள், என்னைவிட ரோஷக்காரி. இறங்கும்போது படியின் விளிம்பைக் காலால் தடவிப் பார்க்கிறாள். பஸ் நிறுத்தத்தில் அவளுடைய பஸ் வந்து போன பிறகு, "கூட்டமா இருந்துச்சு, அதான் ஏறல" என்கிறாள். நான் எட்டிப் பார்த்தேன். கூட்டம் இல்லை. மகனுக்குத் தெரிந்தால் வெளியே விடமாட்டான் என்று பயப்படுகிறாள். அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரிந்த பயம்.

கண் மருத்துவரைப் பற்றிய பேச்சை எப்படியாவது அவள் வாயிலிருந்தே வர வைக்க வேண்டும். நீ அதை என்னிடம் செய்யாமல் விட்டாய். நான் விடமாட்டேன். அதுவரைக்கும் வேறு வழி தெரியவில்லை. தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசாதவள் என்று பெயர் எடுத்த நான், வாயைத் திறந்துவிட்டேன். நேற்று நிறுத்தத்தில் அவளோடு நின்றபோது, "பெரியார் பஸ் வருது... இது அவனியாபுரம்... அந்தா பின்னாடி அழகர்கோவில் போறது" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். எதிர்க் கடையில் தக்காளி விலை எழுதியிருந்ததையும் விடவில்லை. அவள் முகத்தைச் சுளித்தாள்.

"ஏங்க்கா, நானும் பாக்குறேன், வர்றது போறது எல்லாத்தையும் இப்படி வாசிச்சுக்கிட்டே இருக்கீங்களே. வாய் வலிக்கலையா?"

பக்கத்தில் நின்ற காலேஜ் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் காதுவரை சூடேறியது. இந்த வயதில், நடுத்தெருவில், வாயாடிப் பட்டம்.

"எனக்கு வாய் கொஞ்சம் நீளம்மா" என்றேன்.

அடுத்த பஸ் வந்தது. அதன் பலகையையும் உரக்க வாசித்தேன். அவள் ஏறினாள்.